வீட்டு ஆள்

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சௌகரியமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பஸ் நிலையம்வரை கூட வர எனக்கு ஆசைதான். ஆனால் உனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் சாட்சி சொல்லக் காத்திருந்தார்கள். நான் எழுந்து வந்திருந்தால் சட்டக் குழுவின் ஒன்பது உறுப்பினர்களும் அந்த நான்கு பேருடைய கைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த அரசாங்கத்துக்கு இருக்கிற சைகை மொழிபெயர்ப்பாளர் நான் ஒருத்திதான். அதுவும் தற்காலிகம்.

உன் சாட்சியம் நன்றாக வந்தது. தலைவருக்கு ரொம்பத் திருப்தி. “கை அசையறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சும்மா” என்றார். நீ என் கூடப்பிறந்தவள் என்று முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். “இன்னும் நல்லதாப் போச்சு, வீட்டு ஆள்னா சரியாப் புரிஞ்சு சொல்லுவாங்க” என்று சிரித்தார்.

காது கேளாதவர்களுக்கென்று ஒரு சட்டம் வர இத்தனை காலம் ஆயிற்று. இனி ஆஸ்பத்திரியோ காவல் நிலையமோ கோர்ட்டோ, எங்கே போனாலும் உங்களுக்கு ஒரு வாய் இருக்கும். மார்ச் கடைசியில் அறிக்கையும் சட்ட வரைவும் சேர்ந்து அச்சாகிவிடும். அதோடு என் வேலையும் நிரந்தரமாகும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.

மதியம் வாங்கி வைத்த பொட்டலத்தை நீ பிரிக்கவேயில்லை. மேசைமேல் அப்படியே இருந்தது, நான்தான் சாப்பிட்டேன். ஏதாவது கோபமா?

தங்கை

*

பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

கோபமாவது ஒன்றாவது. சந்தோஷத்தில் பசி எடுக்கவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் எட்டு மணி நேரமும் நான் வாயை மூடவில்லை, அதாவது கையை. உன் அத்தான் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். எங்கள் வீட்டில் ஒருத்தியின் பேச்சை நிறுத்த அது ஒன்றுதான் வழி. பக்கத்து சீட்டுக்காரர் என் விரல் மூக்கில் படாமல் இருக்கச் சாய்ந்தே வந்தார், பாவம்.

ஒன்பது பேர் தலையாட்டினார்கள், சின்னவளே. என் கையைப் பார்த்தும் உன் வாயைக் கேட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். நாற்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை. ‘ஊமை கண்ட கனவு’ என்பார்கள், வெளியே சொல்ல முடியாதாம். நான் என் கனவை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்து கேட்க அன்றைக்குத்தான் ஆள் கிடைத்தது.

டாக்டர் எழுதிய அந்தச் சீட்டைப் பற்றியும் குழுவிடம் சொன்னேனே. மகள் பிறந்த பிறகு ஆறு வருஷம் இன்னொரு குழந்தைக்காக நானும் அவரும் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினோம். என்னிடம்தான் குறை என்று நானே நினைத்து மருகினேன். ஆறாவது வருஷம் ஒரு புது டாக்டரம்மா என் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: ‘பிரசவத்தன்றே உங்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறதே, பிறகு எதற்கு வருகிறீர்கள்?’ சம்மதம் என்ற கட்டத்தில் ‘வீட்டு ஆள் மூலம் பெறப்பட்டது’ என்று இருந்தது. அம்மாவைக் கேட்கலாம் என்றால், அவள் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அதனால்தான் குழுவிடம் அவ்வளவு அழுத்திச் சொன்னேன். ‘என் வயிற்றுக்கு என் வீட்டு ஆள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இனி யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது. காது கேளாதவருக்கு வீட்டு ஆள் வாயாக நிற்கக் கூடாது, படித்துத் தேறிய வெளி ஆள்தான் வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள்.’ உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நீ வேறு. உன் ஆறு வயதில் நான் உனக்கு வைத்த கைப்பெயர் என்ன? உதட்டைத் தொட்டு என் நெஞ்சைத் தொட்டால் நீ. என் வாய்.

இன்னொரு விசேஷம். உங்கள் குழுவின் அறிக்கை அச்சடிக்கிற வேலை எங்கள் அச்சகத்துக்கே வந்திருக்கிறது. முதலாளி புரூஃபை என் மேசைக்குத்தான் அனுப்பப் போகிறார். என் பேச்சுக்கு நானே பிழை திருத்தப் போகிறேன். இந்த மாதிரி யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்.

அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வேலையை நீ எடுக்காதே. சாட்சி சொன்னவரே அறிக்கையைத் திருத்தினார் என்று யாராவது கிளப்பினால் உன் முதலாளிக்குத்தான் கெட்ட பெயர். அரசாங்க வேலை மறுபடி வராது. இன்னொரு புரூஃப் ரீடர் இருக்கிறாரே, கண்ணாடிக்காரர், அவரிடம் கொடுக்கச் சொல்.

அப்புறம், அறிக்கை என்றால் எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை போட மாட்டார்கள். அறுபது பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சுருக்கித்தான் போடுவார்கள். நீ சொன்னது அப்படியே இல்லாமல் இருந்தாலும் அதன் சாரம் இருக்கும். நீ தொழில்காரி, ஒரு துணைக்கால் குறைந்தால்கூடப் பொறுக்க மாட்டாய், அதனால் முன்னாலேயே சொல்கிறேன்.

மகள் பரீட்சைக்குப் படிக்கிறாளா? விடுதியில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் எனக்குப் பதிலே போடுவதில்லை. அத்தானுக்குத் தோள்வலி தேவலையா? பைண்டிங் மேசையில் குனிந்தே நிற்காமல் நடுவில் கொஞ்சம் உட்காரச் சொல்.

அந்த வேலையை எடுக்காதே, அக்கா.

தங்கை

*

மார்ச் 14

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே புரூஃப் வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் விடுப்பில் இருக்கிறார். ஆகவே நான்தான் படித்தேன்.

அறுபத்தோராம் பக்கம். மூலத்தில் உள்ளபடியே எழுதுகிறேன்:

‘காது கேளாத பெண்மணி ஒருவர் (அச்சகப் பணியாளர், வயது 42) தமது பிரசவத்தின்போது குடும்பத்தினர் உடனிருந்து உதவியதை நினைவுகூர்ந்தார். குடும்பத்தினரின் துணை கிடைக்காத வேளைகளில் காது கேளாதோர் படும் இன்னல்களை எடுத்துரைத்து, அவ்வேளைகளில் மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார்.’

இரண்டு தடவை படித்தேன். வேறு யாரோ ஒரு அச்சகக்காரி என்று நினைத்தேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும். பிறகு பின்பக்கம் சட்ட வரைவைப் புரட்டினேன். பிரிவு பதினான்கு: ‘குடும்ப உறுப்பினர் உடனிருப்பின் அவரே மொழிபெயர்ப்பாளராகக் கருதப்படுவார். அவர் வழியே பெறப்படும் சம்மதம் செல்லத்தக்கது. (சாட்சியம்: பக்கம் 61.)’

எனக்குச் செய்த அநியாயத்தைச் சட்டமாக்கி, அதற்கு என்னையே சாட்சியாகவும் போட்டிருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று படித்திருக்கிறேன். மேய்ந்துவிட்டு, பயிர்தான் கூப்பிட்டது என்று வேலி சொன்னதை இப்போதுதான் பார்க்கிறேன்.

முதலில் உன் குழுவின் எழுத்தரைத்தான் சந்தேகப்பட்டேன். முதலாளியின் அறையில் அவர்கள் அனுப்பிய மூலக்கட்டு இருக்கிறது. அதில் கூட்டத்தில் பேசியதை அப்படியே எழுதிய குறிப்பும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். எழுத்தர் எதையும் மாற்றவில்லை. அவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். விழவைத்தது நீ.

இது உனக்குப் புதிது இல்லை என்பதை இப்போது யோசித்துப் பார்த்தால் தெரிகிறது. கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்று நான் சொன்னால், உன் வாய் அசைந்து முடியும்போது கடைக்காரர் சிரிப்பார். என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது தலைமை ஆசிரியரைத் திட்டச் சொன்னேன். அவர் உனக்கு மிட்டாய் கொடுத்தார். என் காரத்தையெல்லாம் கழுவிக் கழுவித்தான் நீ பரிமாறியிருக்கிறாய். சின்ன வயதில் அது பயம் என்று விட்டுவிடலாம். இப்போது உனக்கு முப்பத்தாறு வயது. படித்துத் தேறிய பட்டம் சுவரில் மாட்டியிருக்கிறது.

அந்த ஒன்பது பேர் எதற்குத் தலையாட்டினார்கள் என்பது இப்போது புரிகிறது. குடும்பம் உதவியதாம். யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

அச்சுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நீ தவறாகச் சொன்னதாகக் குழுவுக்கு எழுது. எழுதிய கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு.

*

மார்ச் 18

அக்கா,

பெயர்கூடச் சொல்லிக் கூப்பிடாமல் எழுதியிருக்கிறாய். சரி.

மாற்றித்தான் சொன்னேன். இல்லையென்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை. ஆனால் நீ என்னமோ நான் ஊரார் பக்கம் நின்று உன்னை மட்டும் கழுவினேன் என்கிறாய். நான் இரண்டு பக்கமும் கழுவினேன். அது உனக்குத் தெரியாது, ஏனென்றால் அதுதான் என் வேலையாக இருந்தது.

அந்த எடைக்காரர் உன்னை என்னவென்று கூப்பிடுவார் தெரியுமா? நான் உனக்கு ‘அக்கா சௌக்கியமா என்று கேட்கிறார்’ என்று கைகாட்டினேன். தலைமை ஆசிரியர், ‘இதுக்குப் படிப்பு எதுக்கு, மாடு மேய்க்கவா’ என்றார். நான் உனக்கு ‘இடமில்லையாம்’ என்று சொன்னேன். உன் கல்யாணத்தன்று அத்தானின் பெரியம்மா, உங்கள் இரண்டு பேருக்கும் காது கேட்காததை வைத்து, “ரெண்டு சுவத்தை எதிரெதிரா நிறுத்தி வெச்சிருக்கு” என்று சத்தமாகச் சொன்னாள், பந்தியே சிரித்தது. நீ என்னைப் பார்த்து என்ன என்று கேட்டாய். ஜோடிப் பொருத்தம் நன்றாக இருக்கிறதாம் என்றேன். நீ அந்த அம்மாள் காலில் விழுந்து கும்பிட்டாய். எனக்கு அப்போது பதினைந்து வயது.

ஆறு வயதிலிருந்து இரண்டு பக்கத்துக் குப்பையையும் நான் ஒருத்தி விழுங்கியிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது என்னைப் பார்த்து ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்களா? வாய்க்கு என்ன வேண்டும் என்று யார் கேட்பார்கள்.

குழுவுக்கு எழுதச் சொல்கிறாய். எழுதினால் என் பதிவை ரத்து செய்வார்கள். வேலை நிரந்தரமாகிற உத்தரவு செயலாளர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அம்மா அன்றைக்கு என்னை மிரட்டிய மிரட்டல் உனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் இப்படி எழுத மாட்டாய். ஒரு பிரிவுதானே. சட்டம் வந்த பிறகு திருத்தம் கொண்டுவரலாம். நான் உள்ளே இருந்தால்தான் அதையும் செய்ய முடியும்.

தங்கை

*

மார்ச் 21

எந்த ‘அன்றைக்கு’?

உன் கடிதத்தை எங்கள் தொழில் முறைப்படி படித்தேன். கோபத்தை ஒதுக்கிவிட்டு வார்த்தை வார்த்தையாக. எடைக்காரரும் ஆசிரியரும் பெரியம்மாவும் சொன்னதற்கு என்றைக்காவது அழுவேன், இப்போது நேரமில்லை. அம்மா மிரட்டியது என்று ஒரு வரி எதற்கு அங்கே வந்தது? அதற்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?

நான் யோசித்ததை எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்து.

அம்மாவுக்கு என் மொழி தெரியாது. சாப்பிடு, தூங்கு, வா, போ, அடிப்பேன், குளி. ஆறே சைகை. இத்தனை வருஷமும் சம்மதம் சொன்னது அம்மா என்று நினைத்திருந்தேன். ஆனால் அன்று டாக்டர் என்னிடம் ஏதோ கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பச்சை உடுப்பு, கண்ணுக்கு மேலே ஒரு மச்சம். அம்மா உன் பக்கம் திரும்பி நிறைய பேசினாள். உன் கையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு நீ என்னிடம் வந்து, ‘தையல் போட வேண்டுமாம், கொஞ்சம் வலிக்கும், சரியா’ என்று கேட்டாய். சரி என்று தலையாட்டினேன். நீ டாக்டரிடம் ஏதோ சொன்னாய்.

டாக்டர் என்னிடம் என்ன கேட்டார், சின்னவளே?

*

மார்ச் 24

அக்கா,

அவர் கேட்டது இதுதான். “இன்னொரு குழந்தை பிறக்காம இருக்க ஆபரேஷன் செய்யச் சொல்றாங்க உங்கம்மா. உனக்குச் சம்மதமா? உன் வாயால சொல்லணும்.” அப்படியேதான் கேட்டார். பிறகு நீ காது கேளாதவள் என்பது ஞாபகம் வந்து என்னைப் பார்த்தார்.

அம்மா ஏற்கெனவே வராந்தாவில் அவரிடம் பேசி முடித்திருந்தாள். செவிடுக்கும் செவிடுக்கும் பிறக்கிற அடுத்தது செவிடாகத்தான் பிறக்கும், யார் பார்ப்பது என்று. அத்தான் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவரிடம் சொல்ல யாரும் போகவில்லை. அம்மா என் கையைப் பிடித்து உலுக்கிச் சொன்னதை இருபது வருஷமாக நான் மறக்கவில்லை. “நான் போயிட்டா இவளையும் இவ பெத்ததையும் நீதான்டி தூக்கிச் சுமக்கணும். ஒண்ணோட நிறுத்தினா உனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும். சரியான்னு கேளு, அவ தலையாட்டுவா.”

நீ ஆட்டினாய். “சரின்னு சொல்றா டாக்டர்” என்றேன்.

அம்மா மிரட்டினாள் என்று போன கடிதத்தில் எழுதியது பாதி உண்மை. எனக்குப் பதினாறு வயது. உன்னோடு டாக்டரிடமும் கடைக்கும் பேங்குக்கும் போகாத ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. அம்மா சொல்லாவிட்டாலும் நான் அதையே செய்திருப்பேனோ என்னவோ. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ அந்த ஆறு வருஷமும் டாக்டர்களிடம் போனபோது நான்தானே கூட வந்தேன். ‘கடவுள் கொடுக்கிறபோது கொடுப்பார் என்கிறார்’ என்று ஒவ்வொரு டாக்டர் பெயராலும் உனக்குச் சொன்னேன். அவர்களிடம், இவளுக்கு வேறு குழந்தை வேண்டாமாம், சும்மா உடம்பு பார்க்க வந்தாள் என்றேன். அந்தக் கடைசி டாக்டரம்மாவிடம் நீ தனியாகப் போனாய். அதனால்தான் உனக்குத் தெரிந்தது.

பிறகு எனக்குக் கல்யாணமும் இல்லை, அந்த ‘ஒரு வாழ்க்கை’யும் இல்லை. உன் மொழியைப் பட்டமாகப் படித்தேன், ஊரில் உள்ள காது கேளாதவர்களுக்கெல்லாம் ஒரு எழுத்து மாறாமல் பேசினேன். கேட்டுப் பார், ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். உனக்கு ஒருத்திக்குத்தான் முடியவில்லை. அந்தக் கூடத்தில் ‘என் வயிற்றுக்கு என் வீட்டு ஆள் சம்மதம் சொல்லிவிட்டார்கள்’ என்று நீ கைகாட்டியபோது, அதை என் வாயால், என் குரலில் சொல்ல வேண்டும். வாய் திறந்தது. வந்தது வேறு.

நேற்றுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முந்தியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். காரணம் சொல்லாமல் விட்டால் நம்ப மாட்டார்கள்.

தங்கை

*

ஏப்ரல் 9

அக்கா,

நீ பதில் போடவில்லை. போட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் முடிவு உனக்குத் தெரிய வேண்டும். என் கடிதத்தால்தான் அச்சும் தள்ளிப்போயிற்று.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். என் கடிதம் அவர் முன்னால் இருந்தது. “கூடப்பிறந்தவளை மொழிபெயர்க்க விட்டதே தப்பு” என்றார். பிப்ரவரியில் அவரே சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மொழிபெயர்த்தவரே தவறென்று ஒப்புக்கொண்டதால் அந்தச் சாட்சியம் நம்பத்தக்கதல்ல, ஆகவே முழுவதையும் நீக்குவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அறுபத்தோராம் பக்கம் போய்விட்டது. நீ சொன்னதாகவும் எதுவும் இல்லை, நான் சொன்னதாகவும் எதுவும் இல்லை.

உன்னை மறுபடி கூப்பிட்டு, வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். வேறு ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எழுத்தில் கொடுப்பாள், என்னைவிட நன்றாக எழுதுவாள் என்றேன். சாட்சிகள் கேட்கிற காலம் முடிந்துவிட்டதாம்.

அப்படியானால் பதினான்காம் பிரிவும் போக வேண்டுமே, அதற்கு ஆதாரம் அந்தச் சாட்சியம்தானே என்றேன். செயலாளர்தான் பதில் சொன்னார். “பிரிவு நல்ல பிரிவுதானே? எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஆள் போட முடியுமா? வீட்டு ஆள் சும்மா கிடைக்கிறாங்க.” அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிடுவார்களாம்.

என் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இருப்பதாக நினைக்காதே. உண்மையைச் சொன்னால் உன் பேச்சு திரும்பக் கிடைக்கும் என்று நம்பினேன். பொய் சொன்னபோது உன் பேச்சைத் திரித்தேன். உண்மையைச் சொல்லி அதை அடியோடு அழித்துவிட்டேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 17

சின்னவளுக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு நீ எழுதிய ஐந்து கடிதங்களும் வந்தன. படித்தேன். மன்னித்தேனா என்று கேட்டிருந்தாய். இல்லை.

உனக்குச் சொல்ல விட்டுப்போன ஒன்று இருக்கிறது. நீக்கம் செய்து திருத்திய புதுப் பக்கங்களும் என் மேசைக்குத்தான் வந்தன. அறுபத்தோராம் பக்கத்தில் யாரோ ஒரு பள்ளி நிர்வாகியின் சாட்சியத்தை ஏற்றியிருந்தார்கள். பதினான்காம் பிரிவில் ‘கருதப்படுவார்’ என்பதை ‘கருதப்படமாட்டார்’ என்றும், ‘செல்லத்தக்கது’ என்பதை ‘செல்லாது’ என்றும் மாற்ற எனக்கு அரை நிமிஷம் போதும். என் கையெழுத்து விழுந்தால் அச்சுக்கோர்ப்பவர் கேள்வி கேட்க மாட்டார். முதலாளி ஒருநாளும் படிப்பதில்லை. உன் அத்தான் எனக்குப் பின்னால் நின்று, மாற்று, மாற்று என்று கைகாட்டிக்கொண்டே இருந்தார். பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட ஆளுக்குக் கோபம் வராதா? அவர் என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பேனாவைத் திறந்துதான் வைத்திருந்தேன். பிறகு மூடிவிட்டேன். அடுத்தவர் வாயில் இல்லாத வார்த்தையை வைக்கிற வேலைக்கு நம் குடும்பத்தில் ஒருத்தி போதும். மூலத்தில் உள்ளபடி விட்டுக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் குழுவின் அறிக்கையில் ஒரு பிழைகூட இல்லை, வேண்டுமானால் பார்த்துக்கொள். சட்டம் ஜூனில் நிறைவேறியது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று இனி யாராவது எங்களைச் சொன்னால், ஊதியது நாங்கள், செவிடு நீங்கள் என்று எழுதிக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டுமாம். நம் வீட்டில் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஏதோ வேலை இருந்துகொண்டே இருக்கிறது, இதோடு ஒழியும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் தாளை நீட்டினேன். ‘எழுத நேரமில்லை’ என்று எழுதிக் காட்டினாள். மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். பிரிவு பதினான்கு. எங்கள் அச்சகத்தில்தான் அடித்தது, நான் திருத்தியது. வீட்டு ஆளைக் கூட்டிவந்தால்தான் தேதி கொடுப்பார்களாம்.

அத்தான் வீட்டு ஆள்தான், ஆனால் அவருக்கும் காது கேட்காது. மகளுக்குக் காது கேட்கும், வருகிறேன் என்கிறாள். அவளை அந்த நாற்காலியில் நான் உட்கார வைக்க மாட்டேன். அவளுக்கு இருபது வயது, அவள் யாருக்கும் வாய் இல்லை. மிச்சம் இருப்பது நீ.

அழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அழுதுகொண்டே வராதே. சட்டம் அழைக்கிறது, நீ வாங்கிக் கொடுத்த சட்டம். உன் கைப்பெயரையும் மாற்றியாயிற்று. இனி அதில் உதடும் இல்லை, நெஞ்சும் இல்லை. இப்போது காதோரத்து ஜடையைப் பிடித்து இழுத்தால் நீ. அத்தானுக்கும் மகளுக்கும் சொல்லிவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி, இரண்டாவது மாடி, பெண்கள் பிரிவு. அங்கே நீ எனக்குக் கைகாட்ட வேண்டாம். டாக்டர் பேசப் பேச ஒரு வார்த்தை விடாமல் தாளில் எழுது. நான் படித்துப் பதில் எழுதுவேன். நான் எழுதியதை அப்படியே வாசி. உன் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சொல் வரக் கூடாது.

மூலத்தைப் பார்க்காமல் புரூஃப் திருத்துவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். வெள்ளிக்கிழமை அதைத்தான் செய்யப் போகிறேன். மூலம் உன் காதில் இருக்கும், என் கைக்கு வருவது நீ எழுதியது மட்டும். அது சரியா என்று பார்க்க எனக்கு எந்த வழியும் இல்லை. இதை நினைத்து மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேரத்துக்கு வந்துவிடு. பேனா நான் கொண்டுவருகிறேன்.

அக்கா